சாம்பல் தொட்டு ஊன்றிய கிழங்கு

அக்கா,

இன்று காலை என் மகள் கூடையைக் கவிழ்த்து உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தாள். அடியில் கிடந்த ஒன்றை மட்டும் இரண்டு விரலால் எடுத்துக் குப்பையில் போட்டாள். முளைவிட்டுச் சுருங்கிப்போன கிழங்கு. அவள் அந்தப் பக்கம் போனதும் நான் அதைப் பொறுக்கி ஜன்னல் மேடையில் வைத்தேன். திரும்பி வந்தவள் கிழங்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "எதுக்கும்மா அது?" என்றாள். "சும்மாதான்" என்றேன். அவள் நம்பவில்லை. சும்மா என்று யார் சொன்னாலும் அவள் நம்பமாட்டாள். அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது. போய்ச் சேர்ந்தவருக்குக் கடிதம் எழுதுவதில் ஒரு சௌகரியம் உண்டு, பதில் வராது. அந்தச் சௌகரியத்துக்காகத்தான் எழுத உட்கார்ந்தேனோ என்று என்மேலேயே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். சொல்ல வேண்டிய காலத்தில் சொல்லாமல் விட்டதை வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது?

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், கல்யாணமான கையோடு தை மாதக் குளிரில் ஏற்காட்டுக்கு வந்தேன். ஒண்டிக்கடைச் சந்திப்புக்கு மேலே ஒரே வரிசையில் ஐந்து ஓட்டு வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். என் வீட்டுக்காரருக்கு லாட்ஜில் கணக்கு எழுதும் வேலை. எங்களைப் போலவே மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் சேலத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள்தான். கடைசி வீடு மட்டும் உங்களுடையது. உங்கள் வீட்டுக்காரர் எஸ்டேட் லாரி ஓட்டினார். நீங்கள் செம்மநத்தத்தில் பிறந்து வளர்ந்த மலைக்காரர். "மலைக்காரங்க கையால எதையும் வாங்கித் திங்காத, மருந்து வெச்சிருவாங்க" என்று என்னை பஸ் ஏற்றிவிடும்போதே என் சின்னம்மா காதில் ஓதியிருந்தாள். என்ன மருந்து, எதற்காக வைப்பார்கள் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. அப்படியே முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன்.

நீங்களோ கதவைத் தட்டுகிற ஆளே இல்லை. நம் இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் இருந்த செம்பருத்தி வேலியில் ஓர் ஆள் நுழைகிற சந்து இருந்தது. நான் வந்த மூன்றாம் நாளே அதன் வழியாக ஒரு சொம்பு மோரோடு வந்து, அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, "குடிங்க கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். பேரைக்கூடக் கேட்கவில்லை. கேட்காமல் கொடுக்கிறவர்களைக் கண்டால் எதற்கு என்றுதான் என் புத்தி எப்போதும் முதலில் கேட்கும். அந்த மோரை நான் தொடவில்லை. அவரைக் குடிக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை வரைக்கும் அவருக்கு ஏதாவது ஆகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகாத புருஷனை வைத்துப் பரீட்சை பார்த்தவள் நான் ஒருத்திதான் இருப்பேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார்.

போகப் போகப் பழகினேன். உங்கள் மாட்டுப் பால்தான் அந்த வரிசை முழுவதும் ஓடியது. சாயங்காலங்களில் என் சமையலறை வாசற்படியில் வந்து உட்காருவீர்கள். உங்கள் ஆறு வயது மகள் கையில் கிடைத்ததையெல்லாம் இழுத்துப் போட்டு விளையாடுவாள். ஒருநாள் நான் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில், "இதுக்கு வெதை எங்கீங்க்கா கெடைக்கும்?" என்று கேட்டேன். நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். "வெதையெதுக்குங்க கண்ணு, கெழங்கேதான் வெதை. துண்டு போட்டு ஊன்னா வந்துரும். ஒரு நாளைக்கு உங்க ஊட்டுப் பொறத்தாலயே ஊன்னிக் காட்டறேன்" என்றீர்கள். அடுப்பில் வைத்த குழம்பு இறங்கியபோதே அந்தப் பேச்சு எனக்கு மறந்துபோனது. உங்களுக்கு மறக்கவில்லை.

ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணான என்னை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். மாதம் முடியப் போகும் சமயத்தில் அவருக்குக் காய்ச்சல் என்று லாட்ஜிலிருந்து தகவல் வந்தது. அம்மா வீட்டு முருங்கைமரத்தில் நடுவதற்கு ஒரு கிளையைப் போத்தாக வெட்டி எடுத்துக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறினேன். பஸ்ஸில் அத்தனை பேர் முழங்காலிலும் இடித்துக்கொண்டு வந்த அந்த முருங்கைப் போத்துதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வந்து பார்த்தால் அவர் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார். வாய் கசக்கிறது என்று கஞ்சியைக்கூட ஒதுக்கினார். உங்கள் வீடு பூட்டிக் கிடந்தது. மறுநாள் காலை முருங்கைப் போத்தை நடுவதற்காகக் கொல்லையில் குழி வெட்டினேன். ஒரு சாண் ஆழம்கூட இறங்கவில்லை, ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். மேலெல்லாம் சாம்பல் பூசிய, சுருங்கிக் கறுத்த ஒரு துண்டு. ஒரு பக்கம் கத்தியால் வெட்டிய தட்டை. மறுபக்கத்தில் ஊதா நிறத்தில் இரண்டு குட்டிக் கொம்பு. கையை உதறினேன். அப்புறம்தான் நிலத்தைச் சரியாகப் பார்த்தேன். மண் புதிதாகக் கிளறிய மண். பக்கத்தில் தோண்டினால் இன்னொன்று. அதற்கு அந்தப் பக்கம் இன்னொன்று. கட்டம் போட்டு வைத்ததுபோல் வரிசை வரிசையாக, இடைவெளி பிசகாமல். ஆடி அமாவாசை போய் ஐந்து நாள்கூட ஆகியிருக்கவில்லை.

தினம் உருளைக்கிழங்கு நறுக்குகிறவள்தான் நான். ஆனால் அன்றைக்கு அந்த இடத்தில் எனக்கு உருளைக்கிழங்கு தெரியவில்லை. உள்ளே கம்பளிக்குள் கிடக்கும் புருஷன் தெரிந்தார். சின்னம்மா ஓதியது தெரிந்தது. பூட்டிக் கிடக்கும் உங்கள் வீடும், வேலியில் திறந்து கிடக்கும் சந்தும் தெரிந்தன. எல்லாம் ஒன்றோடொன்று அவ்வளவு பொருத்தமாகப் பொருந்திப்போனது. காரியத்தை முடித்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள் என்று நினைத்தேன். அந்த "ள்" விகுதியில்தான் அன்றைக்கு உங்களை நினைத்தேன், அக்கா. இதையும் சொல்லிவிட வேண்டும்.

கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தேன். முருங்கைப் போத்தை நட்டு, மற்றக் குழிகளை மண் போட்டு மூடினேன். ஒரு பையில் போட்டு, கல் உப்பும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் சேர்த்துக் கட்டி, பட்டப்பகலில் ஏரிக்குக் கொண்டுபோனேன். ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும் என்பார்கள். ஏற்காட்டில் ஓடுகிற தண்ணீருக்கு நான் எங்கே போவேன்? படகுக்கு நின்ற கூட்டத்தில் ஒருவர், "ஏனுங்க, மீனுக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிப் பையோடு வீசிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தேன். நாலு நாளில் அவருக்குக் காய்ச்சல் இறங்கியது. நடுவில் ஆஸ்பத்திரி மாத்திரை வேளை தவறாமல் உள்ளே போனதை நான் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

இத்தோடு விட்டிருந்தால் அது என் முட்டாள்தனம், என்னோடு போயிருக்கும். குழாயடியில் லாட்ஜ் சமையல்காரரின் சம்சாரம், "என்ன, மூஞ்சி இப்பிடிக் கெடக்குது?" என்று கேட்டாள். நான் சொன்னேன். "பொறத்தால மண்ணுல என்னமோ சாம்பல் பூசிப் பொதைச்சு வெச்சிருந்துச்சுங்க. வேலியோரத்துல." உங்கள் பேரை நான் சொல்லவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு வீடுதான் இருந்தது என்பதையும் சொல்லவில்லை. பேர் சொல்லவில்லையே என்ற அந்தச் சாக்கைக் குடைபோலப் பிடித்துக்கொண்டு எத்தனை வருடம் நடந்திருக்கிறேன்.

நீங்கள் நாற்பது நாள் கழித்து வந்தீர்கள். உங்கள் அம்மாவுக்கு முடியவில்லை என்று ஆள் வந்ததால் செம்மநத்தத்துக்கு ஓடியிருக்கிறீர்கள். போனவர் அம்மாவை அடக்கம் பண்ணிவிட்டுத்தான் திரும்பியிருக்கிறீர்கள். வந்த அன்று குடத்தோடு குழாயடிக்குப் போனீர்கள். நின்றிருந்தவர்கள் குடம் நிறைவதற்குள்ளேயே எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். சாவுத் தீட்டென்று ஒதுங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது. "பதினாறு கும்பிட்டாச்சுங்க, தீட்டெல்லாம் இல்லீங்க" என்று அவர்களிடம் நீங்கள் சொன்னதை நான் என் ஜன்னலுக்குள் நின்று கேட்டேன்.

அன்று சாயங்காலம் வேலிச் சந்தில் நுழைந்து கொல்லைக்கு வந்தீர்கள். நான் தோண்டாமல் விட்டுப்போன மூன்று துண்டுகள் அதற்குள் செடியாகி, முழங்கால் உயரம் வந்திருந்தன. எடுத்தது போதாதென்று முளைத்து வேறு வந்திருக்கிறதே, ஊமத்தையாக இருக்குமோ என்று பயந்து நான் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன்.

"என்னுங்க கண்ணு, மூணே மூணுதான் வந்துருக்குது? இருவதுக்கு மேல ஊன்னேனுங்களே" என்றீர்கள்.

"என்னதுங்க்கா ஊன்னீங்க?"

"உருளக்கெழங்குதானுங்க. வெதை எங்கன்னு கேட்டீங்கள்ல? தேய்பிறையில ஊன்னாத்தான் கெழங்கு வெக்கும்னு துண்டு போட்டு வெச்சிருந்தேன். அதுக்குள்ள அம்மாவுக்கு முடியலைன்னு ஆள் வந்துருச்சு. வெட்டுனது வீணாப் போயிருமேன்னு அவசர அவசரமா சாம்பல் தொட்டு ஊன்னிட்டு ஓடுனேன். வெட்டுவாய் அழுகாம இருக்கச் சாம்பல் தொடோணும்."

அம்மா சாகக் கிடக்கிறாள் என்று தெரிந்து ஓடுகிற ஒருத்தி, போகிற போக்கில் அடுத்த வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து கிழங்கு ஊன்றிவிட்டுப் போயிருக்கிறாள். அதுவும் நான் என்றோ கேட்ட ஒரு கேள்விக்காக.

நீங்கள் குனிந்து காலி இடத்து மண்ணை விரலால் கிளறினீர்கள். நடுவில் வாடி நின்ற என் முருங்கைப் போத்தைப் பார்த்தீர்கள். கிளறிய மண்ணைத் தட்டிச் சமன் செய்தீர்கள். பிறகு, "எலி தின்னுருக்குமாட்ட இருக்குது" என்றீர்கள்.

"ஆமாங்க்கா. இங்க எலி நொம்பத்தான்" என்றேன்.

அந்த எலியைப் பற்றி நான் யோசிக்காத நாளில்லை. இருபது கிழங்கைத் தின்ற எலி ஒரு தோலைக்கூடவா மிச்சம் வைக்காது? தோண்டிய குழியை எந்த எலி மண் போட்டு மூடும்? மண்ணோடு பிறந்து வளர்ந்த உங்களுக்கு இது தெரியாதா? தெரிந்தும், எனக்கொரு வழி விட்டுத்தான் எலி என்றீர்களா? இல்லை, துக்கத்தில் இருந்ததால் நிஜமாகவே எலிதான் என்று நினைத்தீர்களா? உங்கள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று அன்றைக்குப் பார்த்தேன். "இங்க முருங்கை வராதுங்க கண்ணு, குளுரு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோனீர்கள்.

அதற்கப்புறமும் அந்த மூன்று செடிக்கும் மண் அணைக்கக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான். "வெய்யல் பட்டாப் பச்சையாயிரும், திங்கக் கூடாது, மூடிக்கிட்டே வரோணும்" என்றீர்கள். கார்த்திகையில் இலை பழுத்துச் சாய்ந்ததும் மண்வெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையாலேயே தோண்டினோம். மண்ணுக்குள் விரல் விட்டதும் வழுவழுவென்று ஒன்று அகப்படும், அதை எடுத்தால் பக்கத்தில் இன்னொன்று. ஒரு முறம் நிறைய வந்தது. என் வாழ்க்கையில் நான் முதன்முதலாக விளைவித்த பொருள் அது. எனக்கு அழுகை வந்தது. நீங்கள் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தட்டினீர்கள். அப்போதே உப்புப் போட்டு வேகவைத்தேன். உண்மை முழுவதும் தெரிந்த பிறகும், முதல் கிழங்கை உங்களிடம் கொடுத்து, நீங்கள் தின்று முடித்த பிறகுதான் நான் வாயில் போட்டேன். இப்படியும் ஒரு புத்தி.

மறுநாள் குழாயடியில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் சமையல்காரர் சம்சாரம் முந்திக்கொண்டாள். "உனக்கு நேரம் நல்லாருந்துச்சு, தப்பிச்சுக்கிட்ட. நாங்கல்லாம் பால் வாங்கறதயே நிறுத்திட்டோம்" என்றாள். இப்போது போய் அது உருளைக்கிழங்கு என்றால், கிழங்குக்கும் செய்வினைக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்று ஒண்டிக்கடை முழுக்கச் சிரிக்கும். நாளைக்குச் சொல்லலாம் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்த நாளை வரவில்லை. தை பிறந்ததும் மாட்டை விற்றுவிட்டீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "பாத்துக்க ஆளில்லீங்க கண்ணு" என்றீர்கள். பார்த்துக்கொள்ள நீங்கள்தான் இருந்தீர்கள். வாங்கத்தான் ஆளில்லை.

எட்டு வருடம் பக்கத்து வீட்டில் இருந்துவிட்டு நாங்கள் சேலத்துக்கே இறங்கிவிட்டோம். உங்கள் காரியத்துக்குக் குப்பனூர் வழி பஸ்ஸில் வந்தேன். சமையல்காரர் சம்சாரமும் வந்திருந்தாள், தலை முழுக்க நரைத்துவிட்டது. என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக, "நல்ல பொம்பளதான், பாவம். கைதான் கொஞ்சம் அப்பிடி" என்றாள். உங்கள் படத்துக்குப் போட்ட மாலைகூட வாடவில்லை. நான் சொல்லிவிட்டேன். அது கிழங்கு, சாம்பல் தொட்டது அழுகாமல் இருப்பதற்காக, தோண்டிப் போட்டது நான், குழாயடியில் கதை கட்டியதும் நான், அத்தனையும் பொய் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "செத்தவங்கள விட்டுக் குடுக்காமப் பேசற பாரு. உனக்கு நல்ல மனசு" என்றாள். பொய்யை ஒரே மூச்சில் நம்பியவள் உண்மையை நம்பமாட்டேன் என்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

போன வாரம் உங்கள் மகள் ஏதோ வேலையாகச் சேலம் வந்தவள் என் வீட்டுக்கும் வந்தாள். உங்களைப் போலவே கால் மடக்கி உட்காருகிறாள். கிளம்பும்போது பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். எடுத்தவள் என்னிடம் நீட்டாமல், உள்ளே இருந்த என் மகளைக் கூப்பிட்டாள். அவள் வந்து நின்ற பிறகுதான் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள். "காப்பித் தூளுங்க அத்தை. எங்க மாமா தோட்டத்துக் கொட்டை. நானே வறுத்து அரைச்சேன். வேற ஒண்ணும் கலக்கலீங்க" என்றாள்.

என் மகளா சும்மா இருப்பாள். "இதையெல்லாம் எதுக்கு எங்கிட்டச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

உங்கள் மகள் சிரித்தாள். "எங்கம்மா சொல்லி வெச்சதுங்க. இந்த அத்தைக்கு எதக் குடுத்தாலும் இன்னதுன்னு சொல்லி, பக்கத்துல ஒருத்தர வெச்சுக்கிட்டுத்தான் குடுக்கோணும்னு. சின்னதுலருந்தே சொல்லுவாங்க. அது பயந்த புள்ள, சொல்லாம கொள்ளாம எதையும் வெச்சுட்டு வந்துராத சாமின்னு."

அவள் தெருமுனை தாண்டும் வரை நான் வாசலிலேயே நின்றேன். ஆக, உங்களுக்குத் தெரியும். எலி என்று சொன்ன அன்றைக்கே தெரியும். மாட்டை விற்றபோதும், அதற்குப் பிறகு என் இரண்டு பிரசவத்துக்கும் கூட இருந்து பார்த்தபோதும் தெரியும். சந்தேகக்காரி என்று மகளிடம் சொல்லியிருக்கலாம். வாயால் கெடுத்தவள், அவள் வீட்டு வாசலை மிதிக்காதே என்று சொல்லியிருந்தாலும் நியாயம்தான். அதையெல்லாம் விட்டுவிட்டு, எனக்குப் பயம் என்று மட்டும் சொல்லி வளர்த்திருக்கிறீர்கள். நான் கெட்டிக்காரத்தனம் என்று இத்தனை காலம் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டிருந்ததற்கு அதுதான் சரியான பேர். இனிமேல் யார் எதைக் கொடுத்தாலும் என் புத்தி பழையபடி எதற்கு என்றுதான் முதலில் கேட்கும், அது மாறப்போவதில்லை. ஆனால் கேட்ட மறு நிமிடமே உங்கள் குரல் வந்து நிற்கிறது. பயந்த புள்ள, சொல்லிட்டுக் குடு. என்னை இதுவரைக்கும் யாரும் இவ்வளவு நன்றாகத் திட்டியதில்லை, அக்கா.